மோட்டார்ஹோமைக் கழுவினால் வெள்ளைப் புள்ளி: கடைசித் தண்ணீரை என்ன செய்வது?

நீலவண்டி | மேசா, அரிசோனா

எல்லோருக்கும் வணக்கம். கடந்த மார்ச் மாதம் 31 அடி நீள மோட்டார்ஹோம் (உள்ளேயே தங்கிப் பயணிக்கும் வீட்டு வண்டி) ஒன்றைப் பழையதாக வாங்கினோம். மேல்பாதி வெள்ளை, கீழ்ப்பாதி கருநீலம். வாங்கிய அன்று அந்த நீலத்தில் முகம் பார்க்கலாம்.

சென்ற சனிக்கிழமை நானும் மகனும் காலை ஒன்பது மணிக்கு ஆரம்பித்து மூன்று மணி நேரம் பாடுபட்டுக் கழுவினோம். நல்ல கார் சோப்பு, புதுத் துணி, இரண்டு வாளி. உள்ளே போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் நீலப் பக்கம் முழுவதும் உப்புப் பூத்துக் கிடக்கிறது. கிட்டே போய்க் குனிந்து பார்த்தேன். ஒவ்வொரு புள்ளிக்கும் நடுவில் ஒன்றுமில்லை, ஓரத்தில் மட்டும் மெல்லிய வெள்ளை வளையம். ஈரத்துணியால் துடைத்தால் மறைகிறது, காய்ந்தவுடன் அதே இடத்தில் திரும்பி வந்துவிடுகிறது. மகனுக்கு முகம் வாடிவிட்டது. கழுவாமல் விட்டிருந்தால் வெறும் தூசியோடு போயிருக்கும்.

கடையில் கேட்டேன். சிறிய சாஃப்ட்னர் (தண்ணீரை மென்மையாக்கும் கருவி) ஒன்றை வாங்கிக் குழாயில் மாட்டிவிட்டால் புள்ளியே வராது என்று அடித்துச் சொல்கிறார்கள். இணையத்தில் சிலர் டிஐ (கரைந்த உப்பையெல்லாம் நீக்கிய) தண்ணீர்தான் வேண்டும் என்கிறார்கள். எதை நம்புவது? இப்போது விழுந்திருக்கும் புள்ளிகளை எப்படி எடுப்பது?

மெருகுக்கை | டெம்பி, அரிசோனா

முதலில் ஒரு வேண்டுகோள். அந்தப் புள்ளிகளைக் காய்ந்த துணியால் தேய்க்காதீர்கள். படிந்திருப்பது சுண்ணாம்பு. அதோடு நம் ஊர் மணல் தூசியும் சேர்ந்திருக்கும். தேய்த்தால் புள்ளி போய்க் கீறல் வரும். கீறல் புள்ளியைவிட மோசம்.

பீனிக்ஸ் வட்டாரத்தில் பதினோரு வருடமாக வண்டிகளுக்கு மெருகேற்றும் வேலை செய்கிறேன். ஜூன் மாதம் காலை ஒன்பது மணி என்பது கழுவ ஆரம்பிக்கும் நேரம் அல்ல, கழுவி முடித்துத் துடைத்துக் கருவிகளை எடுத்து வைக்கும் நேரம். வெயில்படும் கருநீலத் தகட்டில் அந்நேரம் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள், எடுத்துவிடுவீர்கள். அதன்மேல் விழும் தண்ணீர் வழிவதற்கு முன்பே காய்கிறது.

இரண்டு விஷயம் தெரிய வேண்டும். உங்கள் குழாய்த் தண்ணீரின் டிடிஎஸ், அதாவது கரைந்திருக்கும் மொத்தத் திடப்பொருள், எவ்வளவு? கடினத்தன்மை, அதாவது அதில் உள்ள கால்சியம், மக்னீசியத்தின் அளவு, கேலனுக்கு எத்தனை கிரெயின்? முதலாவதற்குப் பேனா போன்ற ஒரு மீட்டர், இரண்டாவதற்குத் தண்ணீரில் நனைத்துப் பார்க்கும் சோதனைத் தாள். இரண்டும் வேறு வேறு அளவு. ஒன்றை அளந்துவிட்டு மற்றதைத் தீர்மானிக்க முடியாது. பாதிக் குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது.

நீலவண்டி | மேசா, அரிசோனா

நன்றி. இரண்டையும் வாங்கிவந்து பார்த்தேன். டிடிஎஸ் 640. கடினத்தன்மை 16 கிரெயின். வண்டியில் மெழுகு எதுவும் பூசவில்லை.

வேதியியல் ஆசிரியை | ஹூஸ்டன் (சொந்த ஊர் பாளையங்கோட்டை)

தம்பி, உங்கள் வண்டியில் நடந்ததைத்தான் முப்பது வருடம் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் எழுதிக் காட்டினேன். தற்காலிகக் கடினத்தன்மை, நிரந்தரக் கடினத்தன்மை என்று பள்ளியில் படித்திருப்பீர்களே, அதேதான்.

தண்ணீரில் கால்சியம், பைகார்பனேட்டாகக் கரைந்திருக்கும்வரை கண்ணுக்குத் தெரியாது. தண்ணீர் சூடானாலும் ஆவியானாலும் கரியமில வாயு வெளியேறுகிறது, பைகார்பனேட் கார்பனேட்டாக மாறுகிறது. கால்சியம் கார்பனேட் தண்ணீரில் கரைவது மிக அரிது. அதனால்தான் ஈரத்துணி அதை எடுப்பதில்லை. ஈரம் இருக்கும்போது அது ஒளியைச் சிதறடிப்பதில்லை, அதனால் மறைந்ததுபோல் தோன்றுகிறது. காய்ந்ததும் மறுபடி வெள்ளை.

நடுவில் வெறுமை, ஓரத்தில் வளையம் என்று எழுதியதைப் படித்து மகிழ்ந்தேன். கூர்ந்து பார்த்திருக்கிறீர்கள். துளி விளிம்பில்தான் வேகமாகக் காய்கிறது. உள்ளிருக்கும் தண்ணீர் விளிம்பை நோக்கி ஓடி, சுமந்து வந்ததை அங்கே இறக்கிவிட்டுப் போகிறது. மேசையில் சிந்திய காப்பி காய்ந்தால் ஓரம் மட்டும் கறுத்திருப்பதும் இதனால்தான்.

கணக்கும் போட்டுப் பார்க்கலாம். கேலனுக்கு ஒரு கிரெயின் என்பது லிட்டருக்கு 17.1 மில்லிகிராம். உங்கள் 16 கிரெயின், லிட்டருக்கு ஏறக்குறைய 274 மில்லிகிராம். 180-ஐத் தாண்டினாலே மிகவும் கடினமான நீர் என்று அமெரிக்க நிலவியல் ஆய்வுத்துறை வகைப்படுத்துகிறது. கொலராடோ ஆறு படிவுப் பாறைகளை அரித்துக்கொண்டு வருகிறது. பெரிய அணைகளில் தேங்கி ஆவியாகிறது. அதன்பின் ஹவாசு ஏரியிலிருந்து 336 மைல் நீளத் திறந்த கால்வாயில் பாலைவன வெயிலில் வருகிறது. உங்கள் வட்டாரத்துத் தண்ணீரில் கணிசமான பங்கு அது. ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு அப்படியே தங்கிவிடும்.

கழுவி முடித்தபின் வண்டியின் உடம்பில் இரண்டு லிட்டர் தண்ணீர் துளித்துளியாக ஒட்டியிருக்கிறது என்று வையுங்கள். அதில் லிட்டருக்கு 640 மில்லிகிராம் வீதம் 1.28 கிராம் திடப்பொருள். சில கிள்ளு உப்பு அளவு. அந்தக் கிள்ளு உப்பைத்தான் நீங்கள் நீலத்தின்மேல் தூவிவிட்டு உள்ளே சாப்பிடப் போனீர்கள்.

ஆகவே சோப்பிலோ உங்கள் கையிலோ குற்றமில்லை. கடைசியாக வண்டியில் நின்ற தண்ணீர் தானாகக் காய்ந்ததுதான் காரணம். ஒன்று, அந்தக் கடைசித் தண்ணீரில் எதுவும் கரைந்திருக்கக் கூடாது. அல்லது அது காய்வதற்குள் அதை எடுத்துவிட வேண்டும். மூன்றாவது வழி கிடையாது.

எட்வர்ட்ஸ்காரன் | சான் அன்டோனியோ, டெக்சஸ்

அம்மா சொன்ன வேதியியலுக்கு மறுப்பில்லை. ஆனால் டிஐ என்று பணத்தைக் கொட்டச் சொல்லிவிடாதீர்கள். எங்கள் ஊர்த் தண்ணீர் எட்வர்ட்ஸ் நிலத்தடி நீர், சுண்ணாம்புப் பாறைக்குள்ளிருந்து வருவது. குளியலறைக் குழாயின் வாயில் கல்லே முளைக்கும். நான் ஆறு வருடமாக 16,000 கிரெயின் கொள்ளளவுள்ள சிறிய சாஃப்ட்னரை வண்டியிலேயே வைத்திருக்கிறேன். நீலவண்டியின் 16 கிரெயின் தண்ணீருக்குக் கணக்குப் போட்டால் 1,000 கேலன் வரும். அதன்பின் இரண்டு பெட்டி சமையல் உப்பைப் போட்டு ஓடவிட்டால் மறுபடி புதிதாகிவிடும். குளிக்க, பாத்திரம் கழுவ, வண்டி கழுவ எல்லாவற்றுக்கும் அதுவே. எனக்குப் புள்ளிப் பிரச்சினை கிடையாது. கடையில் சொன்னது சரிதான்.

மெருகுக்கை | டெம்பி, அரிசோனா

உங்கள் வண்டி என்ன நிறம்?

எட்வர்ட்ஸ்காரன் | சான் அன்டோனியோ, டெக்சஸ்

வெள்ளை. ஏன், வெள்ளை வண்டி வைத்திருந்தால் பேசக்கூடாதா?

மெருகுக்கை | டெம்பி, அரிசோனா

தாராளமாகப் பேசலாம், உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் வெள்ளையில் புள்ளி இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. சாஃப்ட்னர் உப்பை நீக்குவதில்லை. கால்சியத்தை வாங்கிக்கொண்டு சோடியத்தைக் கொடுக்கிறது, அவ்வளவுதான். மீட்டரை வைத்துப் பார்த்தால் உள்ளே போகும் தண்ணீருக்கும் வெளியே வரும் தண்ணீருக்கும் டிடிஎஸ் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். 640 உள்ளே போனால் 640-ஐ ஒட்டித்தான் வெளியே வரும். அதுவும் காய்ந்தால் படியும்.

நீங்கள் மறுத்தால் ஒரு சோதனை சொல்கிறேன், செய்து பாருங்கள். கறுப்பான, வழவழப்பான ஏதாவது ஒன்றின்மேல் மூன்று சொட்டு வையுங்கள். ஒன்று குழாய்த் தண்ணீர், ஒன்று சாஃப்ட்னர் தண்ணீர், ஒன்று கடையில் விற்கும் காய்ச்சி வடித்த நீர். வெயிலில் காயவிட்டு எங்களுக்கு எழுதுங்கள்.

கேத்தல்காரி | குவெல்ஃப், ஒன்ராறியோ

அவர் சோதனை செய்து வருவதற்குள் நான் கொஞ்சம் எழுதிவிடுகிறேன். யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்தவள் நான். அங்கே கிணற்றுக்குக் கீழே சுண்ணாம்புக்கல்தான். வீட்டுக் கேத்தலின் அடியில் முட்டைக்கோது போல வெள்ளை ஓடு பிடிக்கும், அம்மா மாதம் ஒருமுறை தேசிக்காய்ப் புளி விட்டுக் கொதிக்க வைப்பார். இவ்வளவு தூரம் வந்து குடியேறிய ஊரும் நிலத்தடித் தண்ணீரும் சுண்ணாம்பும்தான். ரொறன்ரோவில் இருக்கிறவர்களுக்கு ஏரித் தண்ணீர், எங்கள் பாடு அவர்களுக்குத் தெரியாது.

எங்கள் வண்டி 24 அடி, கரும்பச்சைக் கோடுகள் உள்ளது. எந்தக் கருவியும் வாங்காமல் முக்கால்வாசிப் புள்ளியைக் குறைத்துவிட்டோம். எப்படி என்றால், கடைசி அலசலின்போது ஹோஸின் முனையில் இருக்கும் பீச்சுக் குழலைக் கழற்றிவிடுவோம். பீச்சினால் தண்ணீர் ஆயிரம் துளியாகச் சிதறி ஒட்டும். கழற்றிவிட்டுத் திறந்த குழாயைத் தகட்டின் மேல்விளிம்பில் மெதுவாகப் பிடித்து நகர்த்தினால், தண்ணீர் ஒரே போர்வையாக இறங்கி, பின்னால் வரும் துளிகளையும் இழுத்துக்கொண்டு போய்விடும். முதல்முறை அதைப் பார்த்தபோது நான் சத்தமாகவே சிரித்தேன். அவ்வளவு வடிவாகத் தகடு வெறுமையாகிக்கொண்டே வரும். மிச்சம் நிற்கிறதைத் துடைக்க ஒரு துணி போதும்.

இன்னொன்று, முழு வண்டியையும் ஒரேயடியாகக் கழுவுவதை நாங்கள் விட்டுவிட்டோம். ஒரு கதவு அகலம் கழுவு, அலசு, துடை. பிறகு அடுத்தது. இவர் கழுவுவார், நான் துடைப்பேன். நேரம் கொஞ்சம் கூடும், ஆனால் சோப்பும் காயாது, தண்ணீரும் காயாது.

புதியவன்77 | டாலஸ், டெக்சஸ்

எலுமிச்சம்பழத்தை வெட்டி உப்பைத் தொட்டுத் தேய்த்தால் எந்தக் கறையும் போகும். எங்கள் வீட்டில் பித்தளைக் குத்துவிளக்கு அப்படித்தான் பளபளக்கும். கூரையிலிருந்து வழியும் கறுப்புக் கோடுகளுக்குக் கொஞ்சம் பிளீச்சும் சேர்த்து ஒரே வேலையாக முடித்துவிடலாம்.

வேதியியல் ஆசிரியை | ஹூஸ்டன்

தம்பி, வேண்டாம். தயவுசெய்து யாரும் இதைச் செய்யாதீர்கள். எலுமிச்சையோ வினிகரோ எந்த அமிலமானாலும் பிளீச்சோடு சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய கொட்டகைக்குள் நின்று கழுவுகிறவர் அந்த வாயுவை இழுத்தால் நுரையீரல் போய்விடும். ஒரே வாளியில் கலக்காவிட்டாலும், ஒன்றைப் பூசிய ஈரத்தின்மேல் இன்னொன்றை ஊற்றினாலும் ஆபத்துதான். இந்த இழையைப் பிற்பாடு படிப்பவர்களுக்காகவே இதை அழுத்திச் சொல்கிறேன்.

உப்பும் வேண்டாம். குத்துவிளக்கு கனமான உலோகம், தேய்ந்தாலும் உள்ளேயும் பித்தளைதான். உங்கள் வண்டியின் மேல்பூச்சு எத்தனை மெல்லியது என்று மெருகுக்கை சொல்லட்டும்.

மெருகுக்கை | டெம்பி, அரிசோனா

பொதுவாக 40 முதல் 60 மைக்ரான், அம்மா. தலைமுடியின் தடிமன்கூட இல்லை. அதற்குள்தான் வண்டியின் ஆயுள் முழுவதும் நாம் செய்யும் மெருகு வேலை அடங்க வேண்டும். ஆகவே புள்ளியை எடுப்பதிலும் மென்மையானதில் தொடங்கித்தான் மேலே போக வேண்டும்.

நீலவண்டி, உங்களுக்கு நான் சொல்லும் முறை இது. விடியற்காலை, தகடு குளிர்ந்திருக்கும்போது, முதலில் சோப்புப் போட்டுத் தூசியை எடுத்துவிடுங்கள். கடையில் விற்கும் 5 சதவீத வெள்ளை வினிகரோடு அதே அளவு காய்ச்சி வடித்த நீர் சேர்த்து, மைக்ரோஃபைபர் துணியை நனைத்து, புள்ளி உள்ள இடத்தில் ஒட்டினாற்போல் ஒன்றிரண்டு நிமிடம் விடுங்கள். தேய்க்க வேண்டாம். அமிலம் சுண்ணாம்பைக் கரைக்கட்டும். பிறகு நன்றாக அலசி, மறுபடி சோப்புத் தண்ணீரால் கழுவி, உடனே துடையுங்கள். ஓர் அடி சதுரத்தில் செய்து பார்த்துவிட்டு மற்ற இடத்துக்குப் போங்கள். அலுமினியச் சக்கரத்தின் பக்கம் வினிகரைக் கொண்டுபோகாதீர்கள். பளபளப்பு மங்கிவிடும்.

வினிகருக்குப் பிறகும் வளையம் நின்றால் அது படிவு அல்ல. பூச்சையே அரித்துவிட்ட பள்ளம். அதற்கு மெருகுப் பசைதான் வழி, அதைப் பழகியவரிடம் விடுவது நல்லது. ஜன்னல் கண்ணாடி வேறு கதை. நாள்பட்ட புள்ளியில் சிலிக்காவும் இருக்கும், வினிகருக்கு அது அசையாது. சீரியம் ஆக்சைடு பொடியால் பொறுமையாக மெருகிட வேண்டும். சில வண்டிகளில் ஜன்னல் கண்ணாடி அல்ல, அக்ரிலிக். அதில் பொடியும் கூடாது, அம்மோனியா கலந்த கண்ணாடித் திரவமும் கூடாது. விரல் நகத்தால் தட்டிப் பாருங்கள், ஒலியிலேயே வித்தியாசம் தெரியும்.

எட்வர்ட்ஸ்காரன் | சான் அன்டோனியோ, டெக்சஸ்

சோதனை செய்துவிட்டேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

சமையலறையில் பழைய கறுப்புக் கண்ணாடித் தட்டு ஒன்று இருந்தது. அதைத் துடைத்துக் கொல்லைப்புற மேசையில் வைத்து, மருந்துச் சொட்டுக் குழலால் மூன்று சொட்டு விட்டேன். குழாய்த் தண்ணீர் மீட்டரில் 330 காட்டியது. சாஃப்ட்னர் தண்ணீர் 340. இதைப் பார்த்தபோதே மெருகுக்கை சொன்னது புரிந்துவிட்டது.

முக்கால் மணி நேரத்தில் மூன்றும் காய்ந்தன. குழாய்த் தண்ணீர் விட்ட இடத்தில் தடித்த வெள்ளை வளையம். நகத்தால் தொட்டால் சொரசொரப்பு. சாஃப்ட்னர் தண்ணீருக்கும் வளையம் இருக்கிறது, மெல்லியதாக, பொடிப்பொடியாக. காய்ச்சி வடித்த நீர் விட்ட இடத்தைத் தேட வேண்டியிருந்தது. ஒரு தூசித் துணுக்கு தவிர ஒன்றுமில்லை.

ஆனால் அதோடு நிறுத்தவில்லை. ஈரத்துணியை எடுத்து மூன்றையும் ஒரே அழுத்தத்தில் ஒருமுறை துடைத்தேன். சாஃப்ட்னர் வளையம் சுவடில்லாமல் போய்விட்டது. குழாய்த் தண்ணீர் வளையம் அப்படியே நின்றது. ஆறு வருடமாக எனக்குப் பிரச்சினை இல்லை என்று சொன்னது இதனால்தான் போலும். புள்ளி வரவில்லை என்பது தவறு, வந்தது துடைத்தால் போயிருக்கிறது. கருநிற வண்டி வைத்திருப்பவருக்கு என் யோசனை போதாது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

வேதியியல் ஆசிரியை | ஹூஸ்டன்

மிக அழகான சோதனை. சோடியம் உப்புகள் எல்லாம் தண்ணீரில் நன்றாகக் கரையும், கால்சியம் கார்பனேட் கரையாது. பாடப் புத்தகத்தில் ஒரு வரி, உங்கள் தட்டில் இரண்டு வளையம். வகுப்பில் இருந்திருந்தால் எல்லோரையும் எழுந்து வந்து பார்க்கச் சொல்லியிருப்பேன்.

மழைநகரம் | சியாட்டில்

எங்கள் ஊரில் மலையிலிருந்து இறங்கும் தண்ணீர், மிக மென்மையானது. கழுவிவிட்டு அப்படியே விட்டாலும் பெரிதாக ஒன்றும் தெரியாது. இரண்டு வருடம் முன்பு யூட்டா வழியாகப் போனபோது அதே பழக்கத்தில் கழுவிவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் பார்த்து அதிர்ந்தேன். அதிலிருந்து எந்த ஊருக்குப் போனாலும் முதலில் மீட்டரைக் குழாயடியில் நீட்டுகிறேன். 50-க்குக் கீழே காட்டினால் மட்டுமே கவலையில்லாமல் கழுவுவேன்.

நீலவண்டி | மேசா, அரிசோனா

அப்படியானால் டிஐதான் வேண்டும் என்று தோன்றுகிறது. ஆனால் அதற்குள் உப்பைப் பிடிக்கும் ரெசின் மணிகள் சீக்கிரம் தீர்ந்துவிடும் என்று பயமுறுத்துகிறார்கள். சாஃப்ட்னரை முன்னால் வைத்து, அதன்பின் டிஐ வைத்தால் ரெசின் அதிக நாள் வருமா? கடையில் இரண்டையும் சேர்த்து வாங்கச் சொல்கிறார்கள்.

மெருகுக்கை | டெம்பி, அரிசோனா

வராது. இது எனக்குக் கோபம் வரவைக்கும் விற்பனைப் பேச்சு. டிஐ ரெசின் எல்லா அயனிகளையும் பிடிக்கிறது. கால்சியத்துக்குப் பதில் அதே அளவு சோடியம் வந்தால் அதையும் பிடித்துத்தான் தீர வேண்டும். அதன் சுமை கொஞ்சமும் குறைவதில்லை. முன்னால் வைப்பதானால் ஆர்ஓ வைக்க வேண்டும். ஆர்ஓ பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் உப்பை எடுத்துவிடும், ரெசின் பல மடங்கு நாள் வரும். ஆனால் ஆர்ஓ தண்ணீர் சொட்டுச் சொட்டாக வரும், தொட்டியில் பிடித்துவைத்துப் பம்பு போட வேண்டும். கழிவு நீரும் போகும். வருடத்தில் ஆறேழு முறை கழுவும் வீட்டுக்கு அது அதிகம்.

உங்கள் கணக்கைப் பார்ப்போம். கலப்பு ரெசின் ஒரு கன அடி ஏறக்குறைய 12,000 கிரெயின் பிடிக்கும். உங்கள் 640 டிடிஎஸ்-ஐ 17.1-ஆல் வகுத்தால் 37 கிரெயினுக்குமேல். கால் கன அடி உருளை வாங்கினால் 80 கேலன் அளவு சுத்தமான தண்ணீர். முழுக் கழுவலையும் அதில் செய்தால் ஒரே காலையில் தீர்ந்துவிடும். ஆனால் முன்னலசல், சோப்பு, நுரை எடுக்கும் அலசல் எல்லாவற்றுக்கும் சாதாரணக் குழாய்த் தண்ணீரே போதும். கடைசி அலசல் மட்டும் டிஐ. நிமிடத்துக்கு இரண்டு கேலன் விடும் குழல் போட்டுப் பத்து நிமிடம் அலசினால் 20 கேலன். நான்கு முறை கழுவலாம். மீட்டரை வெளியே வரும் முனையில் வைத்துப் பாருங்கள். பூஜ்யத்தில் இருந்தது 10, 20 என்று ஏற ஆரம்பித்தால் ரெசின் முடிவுக்கு வருகிறது.

இதையும் சொல்ல வேண்டும். உருளை வாங்குவதற்கு முன் கையால் அழுத்திப் பீய்ச்சும் இரண்டு கேலன் தெளிப்பானில் காய்ச்சி வடித்த நீரை ஊற்றி, நீலப் பகுதியில் மட்டும் கடைசியாகத் தெளித்துப் பாருங்கள். வெள்ளைப் பகுதிக்குத் துணியே போதும். சிலருக்கு இதோடு வேலை முடிந்துவிடுகிறது.

சேலம் வேன் | சேலம்

நான் சுற்றுலா வேன்கள் ஓட்டுகிறவன். உங்கள் மோட்டார்ஹோமை நேரில் பார்த்ததில்லை, ஆனால் இழையை முதலிலிருந்து படித்தேன். எங்கள் கொட்டகை ஆழ்துளைக் கிணற்றில் மீட்டர் 1,500 காட்டுகிறது. உங்கள் தண்ணீர் எனக்குக் கிடைத்தால் பன்னீர் என்று சொல்வேன்.

இங்கே டிஐ யாருக்கும் தெரியாது, ஆனால் பேட்டரித் தண்ணீர் எல்லோருக்கும் தெரியும், அதுவும் காய்ச்சி வடித்ததுதானே. அதைவிடச் சுலபமானது ஒன்று இருக்கிறது. அலுவலக ஏசியிலிருந்து ஒழுகும் தண்ணீரைக் கேனில் பிடித்து வைக்கிறோம். காற்றின் ஈரம் குளிர்ந்து ஒழுகுவது, அதில் உப்பு ஏது? மீட்டரில் 20, 30-க்குமேல் போனதில்லை. முன்கண்ணாடிக்கும் பக்கக் கண்ணாடிக்கும் கடைசித் துடைப்பு அந்தத் தண்ணீரில்தான். ஓட்டுநர்கள் அதிகாலை ஐந்து மணிக்கு, விளக்கு வெளிச்சத்தில் கழுவி முடிக்கிறார்கள். வெயில் முகத்தில் விழும்முன் வேன் காய்ந்திருக்க வேண்டும் என்பது எங்கள் கொட்டகையில் எழுதப்படாத சட்டம்.

கேத்தல்காரி | குவெல்ஃப், ஒன்ராறியோ

ஏசித் தண்ணீர்! இதை நான் யோசிக்கவே இல்லை. நன்றி அண்ணா.

நீலவண்டி, கூரையை மறந்துவிடாதீர்கள். எங்களுடையது ரப்பர் கூரை, வெயிலில் மேல்தோல் பொடியாகும். கூரையைக் கழுவினால் பால் போல வெள்ளையாகச் சுவரில் வழியும். அதையும் உப்புக் கறை என்று நினைத்து முதல் வருடம் வினிகரோடு மல்லுக்கட்டினேன். வினிகருக்கு அது அசையாது, சோப்புக்குப் போகும். கூரை ஒருநாள், சுவர் இன்னொரு நாள் என்று பிரித்துக்கொள்ளுங்கள். கூரை கழுவும்போது சுவரை நனைத்துக்கொண்டே இருந்தால் பொடி ஒட்டாது. பெட்ரோலியம் கலந்த திரவம் எதுவும் ரப்பர் கூரைக்கு ஆகாது. ஈரக் கூரையில் நடக்கவும் வேண்டாம், ஏணியில் நின்று நீளக் கம்புத் தூரிகையால் எட்டும் மட்டும் செய்யுங்கள்.

நீலவண்டி | மேசா, அரிசோனா

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். சொன்ன எல்லோருக்கும் கடமைப்பட்டிருக்கிறேன்.

அதிகாலை நான்கரை மணிக்கு வண்டியை நிழல்பக்கம் திருப்பி நிறுத்தி, வினிகர்த் துணியை ஓட்டுநர் கதவில் ஒட்டினேன். ஒன்றரை நிமிடம். எடுத்தபோது மகன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். அலசித் துடைத்தோம். கதவில் புள்ளியே இல்லை. அன்று ஒரு பக்கம், அடுத்த நாள் மறுபக்கம். பின்புறம் ஏணிக்குக் கீழே ஓர் உள்ளங்கை அகலத்துக்கு மட்டும் வளையங்கள் நிற்கின்றன. அந்த இடம் முந்தைய உரிமையாளர் காலத்திலிருந்தே அரித்துப்போனது என்று நினைக்கிறேன். அதை மெருகேற்றுபவரிடம் காட்டப் போகிறேன்.

ஒரு தவறும் செய்தேன். மெருகுக்கை எச்சரித்திருந்தும், கதவிலிருந்து வழிந்த வினிகர் முன்சக்கரத்தில் விழுந்ததைக் கவனிக்கவில்லை. அலுமினியத்தில் நாக்கு நீளத்துக்கு மங்கலாக ஒரு தடம். இனிமேல் செய்பவர்கள் சக்கரத்தைப் பிளாஸ்டிக் தாளால் மூடிவிட்டு ஆரம்பியுங்கள்.

நேற்று புதுமுறையில் முழு வண்டியையும் கழுவினோம். கதவு அகலம் கதவு அகலமாக, பீச்சுக் குழல் இல்லாமல் போர்வை அலசல், கடைசியாக நீலத்தில் மட்டும் தெளிப்பானில் காய்ச்சி வடித்த நீர். நான்கு கேலன் ஆனது. உருளை இன்னும் வாங்கவில்லை. துடைக்கும் வேலை மகனுடையது. தேய்க்காமல், துணியை விரித்துத் தகட்டில் படியவைத்து இரண்டு ஓரத்தையும் பிடித்து இழுக்கிறான். ஏழு மணிக்கு முடித்துவிட்டோம். பத்து மணிக்கு வெயிலில் போய்ப் பார்த்தேன், நீலம் நீலமாகவே இருக்கிறது.

இரண்டு இடம் தவிர. பின்னால் வருவதைப் பார்க்கும் பக்கக் கண்ணாடிகளுக்குக் கீழே மூன்று மூன்று கோடுகள். துடைத்த பிறகு கண்ணாடிக் கூட்டுக்குள்ளிருந்து தண்ணீர் ஒழுகியிருக்கிறது.

மெருகுக்கை | டெம்பி, அரிசோனா

அருமை. மகனுக்கு என் பாராட்டைச் சொல்லுங்கள், அந்தத் துணி இழுக்கும் முறையைச் சிலர் வருடக்கணக்கில் கற்றுக்கொள்வதில்லை.

கண்ணாடிக் கூடு, கதவுக் கைப்பிடி, மேல்விளிம்பு விளக்குகள், வெளியே நீளும் ஸ்லைடு அறையின் ரப்பர் விளிம்பு, சுருட்டிய ஆனிங் (வெயில் மறைப்புத் துணி). இவையெல்லாம் தண்ணீரை ஒளித்து வைத்திருந்து அரைமணி நேரம் கழித்து விடும். இலை ஊதும் புளோயர் இருந்தால், துடைப்பதற்கு முன் அந்த இடுக்குகளில் மட்டும் ஊதிவிடுங்கள். இல்லாவிட்டால் வண்டியைத் தெருமுனைவரை ஓட்டிப்போய் இரண்டுமுறை பிரேக் போட்டுத் திரும்பி வந்து, ஒழுகியதைத் துடையுங்கள்.

மெழுகும் பூசிவிடுங்கள். மெழுகு பூசினால் புள்ளியே வராது என்று சொல்ல மாட்டேன். துளி உருண்டு நிற்கும், நின்ற இடத்தில் காய்ந்தால் புள்ளி இன்னும் தெளிவாகவே தெரியும். ஆனால் அது மெழுகின்மேல் இருக்கும், பூச்சைத் தொடாது. வினிகர் பழைய மெழுகையும் எடுத்துவிடும் என்பதால் இப்போது உங்கள் நீலம் வெறும் உடம்போடு நிற்கிறது.

எட்வர்ட்ஸ்காரன் | சான் அன்டோனியோ, டெக்சஸ்

குளிர்காலத்தில் வண்டிப் பூங்காவில் தங்கப்போவதானால் ஒன்று சொல்கிறேன். பல பூங்காக்களில் ஹோஸ் போட்டு வண்டி கழுவ அனுமதி இல்லை. அலசத் தேவையில்லாத கழுவு திரவம் விற்கிறது. இரண்டு கேலன் தண்ணீருக்கு ஓர் அவுன்ஸ். அந்த இரண்டு கேலனும் காய்ச்சி வடித்ததாக இருந்தால் புள்ளிப் பேச்சே இல்லை. ஒருமுறை துடைத்த துணிப் பக்கத்தை மறுபடி வாளிக்குள் விடாதீர்கள், பத்துப் பன்னிரண்டு துணி கையில் வைத்துக்கொள்ளுங்கள். சேறு அப்பிய வண்டிக்கு இது சரிவராது, தூசி மட்டும் உள்ள வண்டிக்குத்தான்.

சேலம் அண்ணா சொன்னதைக் கேட்டு, வண்டிக் கூரை ஏசியின் ஒழுக்குக்குக் கீழே நேற்று ஒரு வாளி வைத்தேன். காலையில் பாதி நிறைந்திருந்தது. மீட்டரில் 24.

நீலவண்டி | மேசா, அரிசோனா

எங்கள் காற்றில் ஈரம் ஏது? இப்போது வாளி வைத்தால் அடி நனைவதே பெரிது. ஜூலையில் பருவமழைக் காற்று வரும்போது வைத்துப் பார்க்கிறேன், அளவை இங்கேயே எழுதுகிறேன். புளோயர் பக்கத்து வீட்டில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை கேட்டால் கொடுப்பார்களா என்பதுதான் யோசனை. சனி இரவே வாங்கி வைத்துவிடுகிறேன்.